பரச்சுக்கிக்கு ஊமையாக வந்த மாமா

மைசூரில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களில் யாருக்காவது இந்தப் பழக்கம் உண்டா என்று தெரியவில்லை. நாலைந்து பேராக எங்காவது கிளம்பினால் நான் தலைகளை எண்ணுவேன். வண்டியில் ஏறும்போது ஒரு தடவை, டீ குடிக்க இறங்கும்போது ஒரு தடவை, மறுபடி ஏறும்போது ஒரு தடவை. மகள் மட்டும் என்னோடு வந்தாலும் எண்ணிவிடுவேன். "நான் ஒருத்திதானேப்பா வந்திருக்கேன், இதுல என்ன எண்ணுறீங்க?" என்று சிரிக்கிறாள். ஐம்பதுகூட ஆகாத என்னைக் கிழவனாக்கியது நரையல்ல, இந்தக் கவலைதான் என்பது என் மனைவியின் கட்சி. இருக்கலாம். பிரஷர் மாத்திரையும் முட்டிவலியும் நம் எல்லோருக்கும் இப்போதுதான் வந்திருக்கின்றன. எண்ணுவது மட்டும் எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அதற்கு முந்தின குளிர்காலத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இளைய பிள்ளைகள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆற்றுத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்ற தகராறு தெருவுக்கு வந்துவிட்ட நாட்கள். தமிழ் பேசுகிற வீடுகளில் பகலிலும் ஜன்னல் சாத்தியிருந்தது. எங்கள் தெருவில் கல் விழுந்தது ஒரே ஒரு வீட்டில்தான்; அது எங்கள் வீடல்ல. எதிர்வீட்டுக் கன்னட அம்மா பின்பக்கமாக வந்து பாலும் கொத்துமல்லியும் கொடுத்துவிட்டுப் போனார். பாலைப் புரிந்துகொண்டேன். அந்த நேரத்தில் கொத்துமல்லி எதற்கு என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒருவேளை, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ரசம் வையுங்கள் என்று சொல்ல நினைத்தாரோ என்னவோ.

சில நாட்களில் ஊர் பழையபடி ஆகிவிட்டது. கடைகள் திறந்தன, பள்ளிக்கூடம் திறந்தது. அப்பா மட்டும் திறக்கவில்லை.

அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். போல்ட்டும் நட்டும் பேரிங்கும் எண்ணி வாங்கி, எண்ணி வெளியே கொடுக்கிற வேலை. பிறந்தது இரண்டு மாநில எல்லையோரக் கௌதள்ளியில். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தமிழும் கன்னடமும் ஒரே வாயில் ஊறியவை. எதில் பேசுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்டவர் அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு ஒரு சட்டம் போட்டார். வாசற்படியைத் தாண்டினால் தமிழ் கிடையாது. தெருவில், பஸ்ஸில், மார்க்கெட்டில், எங்கேயும். தமிழ் காலண்டர் கூடத்துச் சுவரிலிருந்து பீரோ கதவின் உட்பக்கத்துக்குப் போயிற்று. நல்ல நேரம் பார்க்க அம்மா பீரோவைத் திறப்பார். தமிழ் வாரப்பத்திரிகை கன்னட நாளிதழுக்குள் சுருண்டு வரும். ரேடியோவில் சென்னை நிலையம் வைத்தால் நாங்கள் நால்வரும் காதை அதன்மேல் வைத்துக் கேட்க வேண்டும். அம்மா, அப்பா, அக்கா என்பதெல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றாக இருந்தது அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. "மிச்சத்த வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்" என்பார்.

வெளியே போய்வந்ததும் நாலு பேர் இருக்கிறோமா என்று அப்பா பார்வையாலேயே எண்ணுவார். அவரைப் பார்த்துத்தான் நானும் எண்ண ஆரம்பித்தேன்.

அம்மாவுக்கு இந்தச் சட்டத்தால் தொந்தரவு இல்லை. அவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பத்து வருடமாகக் கன்னடத்தில் ஊசி போட்டவர். தங்கைக்கு ஏழு வயது; அவள் தூக்கத்தில்கூடக் கன்னடத்தில்தான் உளறுவாள். எனக்கும் பழகிவிட்டது. சட்டம் இடித்தது அந்தக் கோடையில், அம்மாவின் தம்பி பவானியிலிருந்து வந்து இறங்கியபோதுதான்.

மாமாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது. பவானியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை. கல்யாண வீடுகளில் "பொண்ணு கொஞ்சம் நிமிந்து பாருங்க, மாப்ள கொஞ்சம் மூச்ச உள்ள இழுங்க" என்று சத்தம் போட்டுப் போட்டு வளர்ந்த தொண்டை. ஆற்றின் இக்கரையில் நின்று மாமா பேசினால் அக்கரையில் துவைக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அம்மா சொல்வார். கன்னடத்தில் ஒரு சொல்கூடத் தெரியாது. வந்த அன்று இரவு அப்பா உட்காரவைத்துச் சட்டத்தைச் சொன்னார்.

மாமா முழுதாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க மச்சான், மூச்சு வுடலாமுங்களா? இல்ல அதையும் கன்னடத்துலதான் வுடோணுமா?" என்றார்.

நானும் தங்கையும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. "உனக்கு விளையாட்டு மாப்ளே. நீ நாளைக்கு பஸ் ஏறிருவே. நாங்க இங்க பொழைக்கணும்" என்றார். மாமாவின் முகம் மாறிவிட்டது. அதன்பிறகு அதைப் பற்றிக் கேலி பேசவில்லை.

ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வந்தார். ஒரே ஒருமுறை நான் தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். மார்க்கெட்டுக்குள் குங்குமமும் மஞ்சளும் கோபுரம் கோபுரமாகக் குவித்திருந்ததைப் பார்த்து மாமா நின்றுவிட்டார். வாழைப்பழத் தார்களின் இனிப்பு வாசனையும், மிதிபட்ட பூக்களின் ஈர வாசனையும் கலந்து அடித்தது. பின்னாலிருந்து ஒரு மூட்டைக்காரர் வழிவிடச் சொல்லிக் கத்தினார். மாமா சட்டென்று ஒதுங்கி, "வழி வுட்டாச்சுங்க, போங்க" என்றார், கல்யாண வீட்டுக் குரலில். சுற்றி இருந்த முகங்களை எல்லாம் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. பூ கட்டுகிறவர் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பசுமாடு கீரையைத் தின்றது. ஆனாலும் நான் மாமாவின் கையை இழுத்துக்கொண்டு வீடுவரை ஓடினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அன்று இரவு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும் என்றார் மாமா. சிவனசமுத்திரம். காவிரி மலையிலிருந்து விழுந்து, பாறையை அறுத்துக்கொண்டு பள்ளத்தாக்குக்குள் இறங்குகிற இடம். "அருவி யாருக்கு வேணுமுங்க்கா? கோடையில என்ன அருவி? அதுக்குக் கீழ, ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி பாறை நிக்குதாமா. சாயங்காலம் வெயில் பட்டா செங்காவியா மின்னுதாமா. நம்ம ஊருக்கு வர்ற தண்ணி எந்தச் சந்துல நொழஞ்சு வருதுன்னு பாத்து ஒரு படம் புடிக்கோணும்."

"நம்ம ஊருக்கு வர்ற தண்ணி" என்ற சொற்களைக் கேட்டதும் அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

முடியாது என்றுதான் சொன்னார். மறுநாள் சோறு போடும்போது அம்மா, "குளிர்காலத்துல இருந்து ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி, வீடு. எனக்கும் ஒரு நாள் ஆத்தப் பாக்கணும்" என்றார். அம்மா எதையும் கேட்டுப் பழகாதவர். அதனால்தான் அப்பாவால் மறுக்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு மதியம் வரை டியூட்டி. அதன்பிறகு கிளம்பினால் சாயங்கால வெயிலுக்குச் சரியாக இருக்கும். அப்பா தனக்குப் பழக்கமில்லாத ஒரு டாக்ஸியை வேண்டுமென்றே பேசினார். தெரிந்தவர் என்றால் கேள்வி கேட்பார் என்ற எண்ணம். வெள்ளை அம்பாசடர். உள்ளே ரெக்சின் சீட்டு தோசைக்கல்லாகச் சுட்டது. பெட்ரோலும் ஊதுவத்தியும் கலந்த வாசனை. முன்னால் டிரைவரும் அப்பாவும், பின்னால் நாங்கள் நால்வர். மொத்தம் ஆறு தலை. காலடியில் புளிச்சோறு, மூடியில் கயிறு கட்டிய எவர்சில்வர் கூஜா. மாமாவின் மடியில் ஸ்டுடியோ முதலாளியின் கேமரா, தோல் உறைக்குள், குழந்தையைப் போல.

டிரைவர் அப்பாவைவிட மூத்தவர். நெற்றியில் விபூதிப் பட்டை. வண்டியை எடுப்பதற்கு முன் பின்னால் திரும்பி மாமாவைப் பார்த்து, எந்த ஊர் என்று கன்னடத்தில் கேட்டார். மாமா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டார். அதற்குள் அப்பா முந்திக்கொண்டு, "அவரிகெ மாத்து பரல்லா" என்றார். அவருக்குப் பேச்சு வராது என்று அர்த்தம்.

மாமாவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மெதுவாக மூடியது.

வாயை மூடிக்கொண்டு வரச்சொல்வதுதான் அப்பாவின் திட்டமாக இருந்தது. ஊமையாக்குவது அந்த நொடியில் பிறந்தது. அவர் காதுகள் சிவந்துவிட்டன. அம்மா வெளியே பார்த்தார். தங்கைதான், "இல்லையே, மாமா பேசுவாங்களே..." என்று ஆரம்பித்தாள். அம்மா அவள் வாயில் ஒரு முறுக்கை வைத்தார்.

டிரைவர் மனமிளகிப் போனார். பிறந்ததிலிருந்தேவா என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார். காது கேட்குமா என்று கேட்டார், கேட்கும் என்றார். அதன்பிறகு வழியெல்லாம் டிரைவர் கண்ணாடியில் மாமாவைப் பார்த்து, கரும்பு, நெல், மயில் என்று ஒவ்வொன்றையும் உரக்கச் சொல்லிக் கையால் காட்டிக்கொண்டே வந்தார். ஊமையிடம் ஏன் உரக்கப் பேசுகிறார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. "மாதப்பன பெட்டக்கெ கர்க்கொண்டு ஹோகி சார்" என்றார் அப்பாவிடம். மாதேஸ்வரன் மலைக்கு இவரைக் கூட்டிப்போங்கள், மாதப்பன் வாய் கொடுப்பான், என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன் என்றார். அப்பா பிறந்த ஊருக்கே பக்கத்து மலை அது. அவர் "ஆகட்டும், ஆகட்டும்" என்று கன்னடத்தில் தலையாட்டினார். கழுத்து வியர்த்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

கொள்ளேகாலில் டீக்கு நிறுத்தினோம். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் கடை முழுக்கத் தமிழ்ச் சத்தம். "ஏப்பா, சக்கரை தூக்கலா ஒண்ணு போடு" என்று ஒருவர். மலைக்குப் போகிற கூட்டமொன்று பஸ் எத்தனை மணிக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது, சுத்தமான கொங்குத் தமிழில். அப்பாவின் சொந்தத் தாலுகாவின் பேச்சு. அங்கேயும் அப்பா கன்னடத்தில்தான் டீ கேட்டார். மாமா கிளாஸைப் பிடித்தபடி அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், மிட்டாய்க் கடையைப் பார்க்கும் பிள்ளையைப் போல. இறங்கும்போது ஆறு, ஏறும்போது ஆறு.

பரச்சுக்கி என்பது அங்கே அருவியின் ஒரு பக்கத்துக்குப் பெயர். நாங்கள் போய்ச்சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அகலமான பாறைச் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நூல்கள் தொங்கின, அவ்வளவுதான் அருவி. கீழே நீண்ட படிக்கட்டு. அதன் அடியில் பச்சைத் தண்ணீர். கவிழ்த்துவைத்த ஒரு பரிசல். அங்கிருந்து ஆறு திரும்பி, உயரமான இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிப் போயிற்று. பகல் முழுக்கக் காய்ந்த பாறையிலிருந்து சூடு முகத்தில் அடித்தது. காய்ந்த பாசியின் நெடி. எங்கோ உள்ளே தண்ணீர் இடுக்கில் புகுந்து போகிற சத்தம், யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதுபோல.

சூரியன் எங்களுக்குப் பின்னால் மரங்களுக்குள் இறங்க இறங்க, எதிர்ச்சுவர் நிறம் மாறியது. முதலில் வெல்லப்பாகு, பிறகு செங்கல், பிறகு உள்ளே விளக்கேற்றி வைத்த மாதிரி ஒரு சிவப்பு. அம்மா விளிம்பிலிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். என்னால் அதை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. மைசூர்ப் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் ஒரு பஸ் நிறைய வந்து, தகரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அப்பா சுவரையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. அந்தப் பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா எங்கள் முன்னால் வந்து ஒரு விரலைக் காட்டினார். ஒரே ஒரு படம். கீழே, சந்து தொடங்குகிற இடத்தைச் சுட்டினார். ஆட்கள் இருந்ததால் சைகையிலேயே கேட்டார். அப்பா சீக்கிரம் என்று கையை ஆட்டினார். மாமா படிகளில் தாவி இறங்கி, பரிசலைத் தாண்டி, ஆடுகள் போகிற ஒற்றையடிப் பாதையில் பாறைகளுக்குப் பின்னால் மறைந்தார்.

சிவப்பு மங்கி ஊதாவானது. ஊதா சாம்பலானது. அம்மா புளிச்சோற்றை எடுத்து வைத்தார். நான் எண்ணினேன். ஐந்து. டிரைவர் கூஜாவைச் சாய்த்து வாய் கொப்பளித்தார். மறுபடி எண்ணினேன். ஐந்து.

"மாமா இன்னும் வரல" என்றேன், கன்னடத்தில்.

அப்பா முதலில் எரிச்சல்பட்டார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கம்பியருகே போய்க் குனிந்து பார்த்தார். கீழே பாறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துக்கொண்டிருந்தன. எது பாறை, எது நிழல் என்று தெரியவில்லை.

டிரைவர்தான் முதலில் இறங்கியவர். பரிசல்காரரும் ஒரு டார்ச்சோடு சேர்ந்துகொண்டார். கீழேயிருந்து அவர்கள் கன்னடத்தில் கத்துவது எங்களுக்குக் கேட்டது. ஊமைப்பிள்ளை பதில் சொல்ல மாட்டான். கல்லை எடுத்துத் தட்டு, கையைத் தட்டு என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். மாமாவுக்கு அதில் ஒரு சொல்லும் புரிந்திருக்காது. பதிலுக்கு எதுவும் வரவில்லை. டார்ச் வெளிச்சம் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குப் போய்ப் போய்த் திரும்பியது.

பரிசல்காரர் பாதி மேலே ஏறிவந்து, அந்தச் சந்துக்கு அப்பால் தண்ணீர் ஆழம் என்றார். இருட்டிவிட்டால் தான் உள்ளே போகப்போவதில்லை, காலையில்தான் பார்க்க முடியும் என்றார்.

"காலையிலயா?" என்றார் அம்மா.

அம்மா கம்பியை நோக்கி நடந்தார். அப்பா குறுக்கே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். கல்லூரிப் பையன்கள் பாட்டை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இரு. கன்னடத்துல கூப்பிடு. அவன் பேரு மட்டும் சொல்லிக் கூப்பிடு" என்று அப்பா அடிக்குரலில் சொன்னார். அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. தண்ணீர் செருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குமேல் எதுவும் சொல்லாமல் வெறும் பெயரைக் கூப்பிட்டதால், அது ஆஸ்பத்திரி வரிசையில் நோயாளியைக் கூப்பிடுவதுபோல, அக்காவின் குரலாகவே இல்லாமல் இருந்தது.

"ஏனுங்க, கைய வுடுங்க" என்றார் அம்மா.

"இத்தன பேரு இருக்காங்க..."

"கைய வுடுங்கன்னேன்."

அப்பா விட்டார். அம்மா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, இடுப்புவரை வெளியே சாய்ந்து கத்தினார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. தம்பிக்கு மட்டுமல்ல, அக்காவுக்கும் அந்தத் தொண்டை இருந்திருக்கிறது.

"டேய் கண்ணு! அக்கா கூப்புடறேன்டா! எங்கடா இருக்கறே? யாரு என்ன சொன்னாலும் கெடக்கட்டும், வாயத் தொறடா சாமீ! வாயத் தொறந்து பேசுடா!"

எதிர்ச்சுவரில் மோதி அத்தனை தமிழும் திரும்பிவந்தது. பேசுடா, பேசுடா என்று அந்தப் பள்ளத்தாக்கே எங்களைப் பார்த்துச் சொன்னது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தங்கையின் கையைப் பிடித்திருந்தேன். அந்தப் பஸ் பையன்களிடமிருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வந்தது கீழிருந்துதான்.

"அக்கா... இங்கதானுங்க்கா இருக்கறேன்! காலு மாட்டிக்கிச்சுங்க்கா!"

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கண்ணைத் திறந்தபோது கல்லூரிப் பையன்கள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர். ஒருவன் ஓடும்போதே சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினான். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால். அப்பா எங்கள் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு கடைசியாக இறங்கினார்.

மாமா கிடந்த இடத்தை டிரைவர் இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறார். பாறை விளிம்பிலிருந்து வழுக்கி, இரண்டு பெரும்பாறைகளுக்கு நடுவே ஆள் உயர இடுக்கில் விழுந்திருந்தார். இடது கால் கணுக்காலோடு மாட்டியிருந்தது. அடியில் தண்ணீர். கேமரா போய்விட்டது. அதற்குள் இருந்த படங்களும் போயின. அந்தச் சிவப்புச் சுவர் இப்போது எங்கள் யாருடைய ஆல்பத்திலும் இல்லை. ஒருவன் இறங்கிக் காலை விடுவிக்க, இருவர் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். "அய்யோ பாப, அய்யோ பாப" என்று, நாம் ஐயோ பாவம் என்பதைச் சொல்லிக்கொண்டே இருந்தான் ஒருவன். கணுக்கால் பப்பாளிக்காய் போல வீங்கியிருந்தது. அம்மா டார்ச் வெளிச்சத்தில் தொட்டுப் பார்த்து, குடைக்கம்பையும் தலைத்துண்டையும் வாங்கி அணைத்துக் கட்டினார். கை வேலை செய்யும்போதே வாயும் வேலை செய்தது.

"ஏண்டா, அத்தன பேரு கத்துனாங்களே, காதுல வுழலியா?"

"வுழுந்துதுங்க்கா."

"அப்பறம் ஏண்டா மூச்சுக்காட்டல?"

"மச்சான் பேசக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரே. யாரு கத்தறாங்கன்னே தெரியல. நான்பாட்டுக்கு வாயத் தொறந்து, நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா? நான் ஊருக்குப் போயிருவனுங்க்கா. நீங்கதான இங்க இருக்கோணும்."

அப்பா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. என் தோள்மேல் இருந்த அவர் கை மட்டும் கனமாகியது.

எத்தனை நேரம் அந்த இடுக்கில், கால் நொறுங்கிய வலியோடு, பக்கத்தில் ஆள் நடமாட்டம் கேட்டும் சத்தம் போடாமல் கிடந்தார் என்று நான் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். கணக்கு வருகிறது, அதை நம்பத்தான் முடியவில்லை. தலைவலிக்கு மாத்திரை தரக் கொஞ்சம் தாமதமானால் வீட்டையே இரண்டாக்குகிற ஆள் நான்.

மேலே கொண்டுவந்து காரில் கிடத்தினார்கள். பையன்களில் ஒருவன் தன் தண்ணீர் பாட்டிலை மாமாவின் கையில் வைத்துவிட்டுப் போனான். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா அவர்களுக்கு நன்றி சொல்ல வாயைத் திறந்தார். கன்னடமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கும்பிட்டார்.

பிரச்சினை டிரைவர்தான். காதும் கேட்டு, வாயும் பேசுகிற ஒருவரை ஊமை என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். அப்பா முன்சீட்டில் குறுகி உட்கார்ந்து, என்ன சொல்லலாம் என்று தவிப்பது தெரிந்தது. டிரைவர் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, மாதேஸ்வரன் மலை இருக்கிற திசைக்குத் திரும்பிக் கும்பிட்டார். "மாதப்பா! மாத்து கொட்டெ அல்லப்பா!" வாய் கொடுத்துவிட்டாயே அப்பா என்று. பிறகு அப்பாவைப் பார்த்து, நான் சொன்னேன் அல்லவா சார், மலைக்குப் போக வேண்டும் என்று நினைத்ததுமே கொடுத்துவிட்டான் பாருங்கள் என்றார்.

அவர் உண்மையிலேயே நம்பினாரா, எங்கள் மானத்தைக் காப்பாற்ற நம்பியது மாதிரி இருந்தாரா, எனக்குத் தெரியவில்லை. அவர் மீசை அசையவே இல்லை. கண்ணாடியில் அவர் கண்களை மைசூர் வரை பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்பாவும் அதைப் பற்றிச் சாகும்வரை பேசவில்லை.

வழியில் டிரைவர் மாமாவை ஏதாவது பேசச் சொன்னார். புதிதாக வந்த வாய் அல்லவா. மாமா அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை. மாமா பேசவில்லை. பள்ளத்தில் வண்டி இறங்கியபோதெல்லாம் அம்மாவின் கையை நெரித்தாரே தவிர, ஒரு முனகல்கூட வெளியே விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. இனி என்ன ஒளிப்பதற்கு இருக்கிறது? ஆனாலும் மாமாவுக்கு உத்தரவு கொடுத்தவர் அப்பா. அம்மா கூப்பிட்டதற்காக ஒருமுறை அதை மீறியாயிற்று. மறுபடி அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

அம்மாவின் ஆஸ்பத்திரிக்கே போனோம். அவசரச் சிகிச்சை அறையில் டியூப்லைட், டெட்டால் வாசனை, சுவரோரமாக ஐந்தாறு நோயாளிகள், அவர்களோடு வந்தவர்கள். ஒரு குழந்தை விடாமல் இருமியது. டிரைவர் போகாமல் கதவருகே நின்றார். சின்ன வயது டாக்டர். கட்டை அவிழ்த்து, "எல்லி நோவு?" என்றார். எங்கே வலிக்கிறது என்ற கேள்வி. அது மாமாவுக்கும் புரிந்திருக்கும். நோவு நமக்கும் நோவுதானே.

மாமா டாக்டரைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

டாக்டர் கணுக்காலை அழுத்தினார். மாமாவின் கண்ணிலிருந்து நீர் காதை நோக்கி வழிந்தது. வாய் இறுக மூடியிருந்தது. பார்வை மட்டும் அப்பாவை விட்டு நகரவில்லை. "இங்கேயா? இங்கேயா?" என்று டாக்டர் கேட்டுக்கொண்டே போனார். அம்மா பேச வாயெடுத்தார். பிறகு அவரும் நிறுத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தார்.

அப்பா அந்த அறையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இருமுகிற குழந்தையின் அப்பா, கையில் கட்டோடு ஒரு கிழவர், கம்பவுண்டர், கதவருகே டிரைவர். பிறகு அப்பா கட்டிலருகே வந்து, மாமாவின் நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, சத்தமாகவே சொன்னார்.

"சொல்லு மாப்ளே. எங்க வலிக்குதுன்னு சொல்லு."

இருமுகிற குழந்தை இருமியது. கிழவர் எங்கள் பக்கம் பார்த்துவிட்டுத் தன் கட்டைப் பார்த்துக்கொண்டார். டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

"எல்லா எடத்துலயும் வலிக்குதுங்க மச்சான்" என்றார் மாமா. அவ்வளவுதான், மடை உடைந்தது. கணுக்காலில் தொடங்கி, வழுக்கிய பாறை, போன கேமரா, இடுக்கில் காலருகே நீந்திய தண்ணிப்பாம்பு, அது தண்ணிப்பாம்புதானா என்ற சந்தேகம், பவானியில் ஒருமுறை பாம்பைப் பார்த்து ஓடிய கதை என்று மாவுக்கட்டு காய்கிறவரை நிறுத்தாமல் பேசினார், கல்யாண வீட்டுக் குரலில். அம்மா ஒவ்வொன்றையும் டாக்டருக்குக் கன்னடத்தில் சொன்னார். பாம்பை மட்டும் சொல்லவில்லை.

அப்பா கதவுக்குப் போய் டிரைவரின் பக்கத்தில் நின்றுகொண்டார். நடைவழியில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பி, மெதுவாகப் பேசு என்று அவர் சொல்லவில்லை.